செவ்வாய்க்கிழமை விடுமுறை

அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள் தம்பி. கீழே வையுங்கள். கேட்டில் நுழைந்ததும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்காது. யாருக்கும் வருவதில்லை. சிரித்துக்கொண்டே கொடுத்தால் வாங்காமல் என்ன செய்வது? அதுதான் அவர்கள் தந்திரம்.

வார்டன் அம்மாவைப் பார்க்க வேண்டுமா? இப்போது வர மாட்டார். இன்றைக்கு முடி வெட்டும் நாள். வேப்பமரத்தடியில் வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறதே, அங்கே நிற்பார். எல்லாக் கிழங்களும் முடிந்த பிறகு தானும் உட்கார்ந்து நுனியை வெட்டிக்கொள்வார். அதுவரை இந்தப் பெஞ்சுதான். அப்பாவை இந்த முதியோர் இல்லத்தில் சேர்க்க வந்திருக்கிறீர்களோ? தப்பாக நினைக்காதீர்கள், பார்த்தால் தெரியும். அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் பெஞ்சின் நடுவில் உட்காருவார்கள். சேர்க்க வருகிறவர்கள் ஓரத்தில் உட்காருவார்கள்.

என் தலையைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். தோள் வரைக்கும் முடி, நெஞ்சு வரைக்கும் தாடி. போன வாரம் ஒரு அம்மாள் சாமியார் என்று நினைத்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சாமியே இல்லை என்று மேடை மேடையாகப் பேசியவன் நான். எழுந்து மறுப்புச் சொல்லலாம் என்றால் இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

என் பெயர் அய்யாவு. செயலாளர் அய்யாவு என்றால் திண்டுக்கல்லில் தெரியும். தெரிந்திருந்தது. முடிதிருத்தும் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். ஆமாம் தம்பி, இந்தத் தலையை வைத்துக்கொண்டு நான்தான். சிரிக்கலாம். இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள்.

வார்டன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலையில் பேன் வந்துவிட்டதாம், காதுக்குப் பின்னால் புண் வந்துவிட்டதாம். "ஐயா, இன்னைக்கு அவங்ககிட்ட வெட்டிக்கிட்டா சரி. இல்லைன்னா அடுத்த வாரம் வார்டுப் பையனை விட்டு மெஷின் போட்டு மொட்டையடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டார். ஆட்டுக்கு அடிப்பது மாதிரி. இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். போன மாதம் ஒருவருக்கு அப்படித்தான் செய்தார்கள். அவர் ரிட்டயர்டு தாசில்தார். அழுதார்.

பையில் என்ன இருக்கிறது பாருங்கள். பழைய சேலையில் தைத்த பை. உள்ளே அரப்புப் பொடி, சீயக்காய்ப் பொட்டலம், ஒரு மண்சட்டி. மண்சட்டி எதற்கு என்று அட்டையில் எழுதியிருக்கும். படியுங்கள். 'கோடை வந்துவிட்டது. உங்களுக்குத் தாகம் எடுக்கும். பறவைக்கும் எடுக்கும். ஜன்னலில் ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள்.' அடுத்தது? 'தலைக்குத் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள். குறைவாகத் தண்ணீர் செலவழியுங்கள். வெட்டிய முடியைக் குப்பையில் போடாதீர்கள். தென்னங்கன்றுக்கு உரமாகும்.' எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். முதல் வரியில் ஒரு குத்து, இரண்டாம் வரியில் ஒரு குத்து. அது துண்டறிக்கை எழுதுகிற முறை தம்பி. என் முறை. என்னிடமிருந்து திருடியது. தொழிலாளர்களைத் தட்டி எழுப்ப நான் கண்டுபிடித்ததை வைத்துச் சீயக்காய் கொடுக்கிறார்கள்.

குறைவாகத் தண்ணீர் செலவழிக்க வேண்டுமாம். நாங்கள் அரைக் கிண்ணித் தண்ணீரில் நாலு பேருக்குச் சவரம் செய்தோம். அப்போது அதற்குப் பெயர் வறுமை. இப்போது சுற்றுச்சூழல்.

என் ஜன்னலிலும் அந்தச் சட்டி இருக்கிறது. தண்ணீர் ஊற்றத்தான் செய்கிறேன். பறவை என்ன பாவம் செய்தது, அது முதலாளியா?

பொங்கலுக்கு விதைப் பொட்டலம். தீபாவளிக்கு எண்ணெய். கிறிஸ்துமஸுக்குத் துணியில் தைத்த நட்சத்திரம். ஒரு பண்டிகை விடுவதில்லை. நடுவில் ஒரு வருடம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூந்தல் தானம் என்று ஆரம்பித்தார்கள். காலேஜ் பிள்ளைகள் வரிசையில் நின்று பின்னலை வெட்டிக் கொடுத்தன. நான் விடுவேனா? 'கூந்தல் தானமா, கூந்தல் வியாபாரமா?' என்று நோட்டீஸ் போட்டு பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் வரிசை கலைந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்காரர்களே வந்து, எல்லா முடியும் எங்களுக்குத்தான் வருகிறது என்று சொன்னார்கள். இருக்கட்டும். நான் கேள்விதானே கேட்டேன்? கேள்வி கேட்கக் கூடாதா?

இந்தப் பையைக் கொடுத்து, முடியும் வெட்டுகிற கடையின் பெயர் 'செல்வீஸ்'. அதோ, கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு, குனிந்து ஒரு பாட்டிக்குக் காதோரம் வெட்டுகிறாளே, அவள்தான் முதலாளி. நான் வைத்த பெயர் வெற்றிச்செல்வி. பலகையில் வெற்றியைக் கழற்றி வைத்துவிட்டாள்.

என் மகள்.

அப்படிப் பார்க்காதீர்கள். மகள் என்பதால் கொள்கையை மாற்றிக்கொள்ள முடியுமா? உங்களுக்குக் கதை தெரியாது. கேளுங்கள். வரிசையில் இன்னும் ஆள் இருக்கிறது.

எங்கள் அப்பா காலத்தில் வீடு வீடாகப் போய் வெட்டினோம். முன்வாசல் வழியாக இல்லை, கொல்லைப்பக்கமாக. மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடக்கும். பெரிய மனிதர் அதில் உட்காருவார். அப்பா மண்ணில் குத்தவைத்துக்கொண்டு வெட்டுவார். அந்த வீட்டுப் பொடியன், என் வயசுதான் இருக்கும், "டேய், எனக்கு மொதல்ல வெட்டிவிடுடா" என்பான். அப்பா, "இந்தா வந்துட்டேன் சாமி" என்பார். நாங்கள் கிளம்பியதும் உட்கார்ந்திருந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். நாங்கள் தெருமுனை திரும்பும் வரைகூடப் பொறுக்க மாட்டார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்.

பிறகு கடை வந்தது. வந்தும் என்ன? செவ்வாய்க்கிழமை முடி வெட்டினால் ஆகாது என்று சனங்களுக்கு ஒரு மூடநம்பிக்கை. அன்றைக்குக் கடைக்கு ஆள் வராது. உடனே பெரிய வீடுகளிலிருந்து ஆள் அனுப்புவார்கள். 'இன்னைக்கு உனக்குக் கடை இல்லையே, வீட்டுக்கு வா.' வெட்டுவது மட்டும் இல்லை. சாவுச்செய்தி சொல்லப் போ, பந்தல் போடு, பாட்டிக்குக் கால் பிடித்துவிடு. ஓய்வு நாள்தான் எங்களுக்கு அதிக வேலை.

அதை உடைத்தவன் நான். இரண்டே தீர்மானம். ஒன்று, செவ்வாய்க்கிழமை விடுமுறை, எந்த வேலையும் கிடையாது, யாருக்கும் கிடையாது. இரண்டு, எவர் வீட்டுக்கும் போய் வெட்டுவதில்லை. கலெக்டரானாலும் படியேறிக் கடைக்கு வர வேண்டும். ஊர் கொதித்தது. கடைகளைக் கொளுத்துவோம் என்றார்கள். எங்களுக்கு மளிகை கொடுக்காதே என்றார்கள். நாங்களும் கத்தரியைத் தொடவில்லை. கல்யாண மாப்பிள்ளைகள் தாடியோடு தாலி கட்டினார்கள். கடைசியில் பணிந்தார்கள். பணிந்த அன்றைக்குத்தான் இவள் பிறந்தாள். அதனால்தான் வெற்றி.

தோல்ஷாப் முதலாளி, தோல் பதனிடும் ஆலைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வெள்ளைக் கார் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. கடைக்கு மூன்று படி. ஏறினார். உள்ளே ஒரு மூட்டை தூக்குகிறவர் சவரத்துக்குக் காத்திருந்தார். முதலாளி, "கொஞ்சம் சீக்கிரமாப் பாக்கலாமா?" என்றார். "வரிசைங்க" என்றேன். அவ்வளவுதான். அவர் உட்கார்ந்தார் தம்பி. மூட்டை தூக்குகிறவருக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில், தொடை இடிக்க உட்கார்ந்தார். எனக்கு அந்த ஒரு நாள் போதும். அதற்குப் பிறகு என்ன நடந்திருந்தாலும் அந்த ஒரு நாள் போதும்.

விதி என்றால் விதி. ஆளைப் பார்த்து வளைத்தால் அது விதி இல்லை, தயவு. மேட்டுப்பட்டியில் லூர்து வாத்தியார் என்று ஒருவர். நல்ல மனிதர், மறுக்கவில்லை. என் மகளுக்கே ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவர் சம்சாரம் கடைக்கு வந்தார்.

"அண்ணே, தினம் சவரம் பண்ணின மனுசன். இப்ப தாடி வளந்து முகமெல்லாம் அரிக்குது. கை வரலை, சொறிஞ்சுக்கக்கூட முடியலை. ஒரு தடவை வந்துட்டுப் போங்கண்ணே."

"கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் ஆளாகச் செய்கிறேன்."

"எப்படிண்ணே கூட்டியாறது? கட்டிலோடயா?"

"அது சங்கத்தின் பிரச்சினை இல்லையம்மா."

மரியாதையாகத்தான் சொன்னேன். அந்த அம்மாள் படியிறங்கிப் போய்விட்டார். குருவய்யா என்று ஒரு தொழிலாளி, அருமையான கை. அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, துண்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு போய்ச் சவரம் செய்துவிட்டு வந்துவிட்டான். இரண்டு விதியையும் ஒரே நாளில் உடைத்தான். செயற்குழுவைக் கூட்டினேன். "செத்துக்கிட்டிருக்கிற மனுசன்ங்க" என்றான். "இன்றைக்கு வாத்தியார், நாளைக்குத் தோல்ஷாப் முதலாளிக்கும் கால் வலிக்கும், அப்போது என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அவன் கத்தரியையும் கத்தியையும் வாங்கிச் சங்க அலுவலகத்தில் பூட்டி வைத்தேன். அவன் திருப்பூர் பக்கம் போய்விட்டான். பனியன் கம்பெனியில் காஜா அடிப்பதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் வாத்தியார் இறந்துபோனார். சங்கத்தின் சார்பில் மாலையோடு போனேன். போய்ப் பார்த்தால், முகம் வழுவழுவென்று இருக்கிறது! பளிங்கு மாதிரி. எவனோ சாவதற்கு முந்தின நாள் செய்திருக்கிறான். இடது தாடையில் ஒரு சின்ன வெட்டு, படிகாரம் தடவின வெள்ளை. பழகின கை அப்படி வெட்டாது. புதுக் கை. மாலையைப் போட்டுவிட்டு, எந்தக் கடைப் பையன் என்று அங்கேயே விசாரணையை ஆரம்பித்துவிட்டேன். ஊரில் இருந்த ஒவ்வொரு கடைப் பையனையும் கூப்பிட்டு மிரட்டினேன். ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. என் பொதுவாழ்க்கையில் நான் தோற்ற விசாரணை அது ஒன்றுதான். வீட்டில் இவளிடம்கூடக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். "யாராயிருக்கும்மா?" "தெரியலைப்பா" என்றாள். அந்த வாரம் என் கத்தி உறையில் தலைகீழாக இருந்தது. எலி உருட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கே விட்டேன்? ஆங், இவள்.

இவளுக்கு நான் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு? பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை மூலையில் உட்கார்ந்து பாடம் படிப்பாள், அவ்வளவுதான். படித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். பிறகு கோயம்புத்தூர் போய் ஏதோ சர்டிபிகேட் வாங்கிவந்து, ஒரு மாடி ரூம் பிடித்து, ஒரு நாற்காலி போட்டாள். போட்ட கையோடு சங்கத்தில் உறுப்பினராக வேண்டும் என்று வந்தாள். எல்லோர் முன்னாலும்.

"பெண்களைச் சேர்ப்பதில்லையம்மா" என்றேன்.

"ஏம்ப்பா? நானும் கத்தரிதானே புடிக்கிறேன்?"

"உன் கத்தரி வேறு. அது அழகுநிலையம். மேலும் நீ முதலாளி. இது தொழிலாளர் சங்கம்."

"கடையைக் கூட்டுறதும் நான், தண்ணி தூக்குறதும் நான், வெட்டுறதும் நான். நான் யாருக்குப்பா முதலாளி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதினேன். பெண்களும், பெண்கள் நடத்தும் கடைகளும் சங்க வரம்பில் வாரா. கைதூக்கி நிறைவேற்றினோம். அவள் கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. "சரிப்பா" என்றாள். அதற்குப் பிறகு நாற்காலி பெருகியது, பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள், கண்ணாடி, ஏ.சி. பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன், முதலாளி என்று.

ஒவ்வொரு பரிசுக்கும் நான் ஒரு நோட்டீஸ் போட்டேன். அவள் தீபாவளிக்கு எண்ணெய் கொடுத்தால் நான் 'எண்ணெய் யாருடைய வியர்வை?' என்று போடுவேன். அவள் கடை மாடிக்குக் கீழே நின்று கொடுப்பேன். அவள் பிள்ளைகளை விட்டு எனக்கு மோர் அனுப்புவாள். மோரைக் குடித்துவிட்டுக் கொடுப்பேன், வெயில் காலம். மேலே மட்டும் போனதில்லை. ஒரே ஒரு தடவை, பரிசுப் பையை என் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். திருப்பி அவள் மூஞ்சியிலேயே எறியலாம் என்று படியேறினேன். குறுகலான படி. பாதியில் கால் வழுக்கியது. இடுப்பு எலும்பு. போராட்டத்தில் அடிபட்டவன் நான் தம்பி, கீழே விழுந்தவன் இல்லை.

என் சம்சாரம் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். இவள் தன் வீட்டுக்கு வாருங்கள் என்றாள். முதலாளி வீட்டுச் சோறா? மறுத்துவிட்டேன். இந்த இல்லத்தில் என் செலவையெல்லாம் சங்கம்தான் பார்க்கிறது. நலநிதி என்று ஒன்று நான்தான் ஆரம்பித்தேன். சங்க அலுவலகம் இப்போது செல்போன் கடையாகிவிட்டது, கூட்டம் போடுவதில்லை, செயலாளர் யாரென்றும் தெரியவில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் கட்டிவிடுகிறார்களாம், வார்டன் அம்மா சொன்னார். பழைய தலைவனை மறக்கவில்லை. அதுதான் சங்கம்.

நான் இங்கே வந்த அடுத்த மாதமே இவளுக்கு முதியோர் மேல் திடீர்க் கருணை பிறந்துவிட்டது. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இலவச முடிதிருத்தம். ஊரில் எத்தனையோ இல்லம் இருக்கிறது. வேறு எங்கும் போவதில்லை, இங்கேதான். மெயின் ரோடு, போர்டு வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும். விளம்பரம் தம்பி, விளம்பரம்.

யோசித்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை. அதுவும் ஆட்கள் இருக்கிற இடத்துக்கே தேடிப்போய். நான் எதை எதை உடைத்தேனோ அதையெல்லாம் ஒட்டவைத்து, ரிப்பன் கட்டி, தானம் என்று பெயர் வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் வெட்டிவிட்டுக் கடைசியில் என்னிடம் வருவாள். கையில் வெள்ளைத் துணியோடு நிற்பாள். "அப்பா, தலை?" என்பாள். "செவ்வாய்க்கிழமை" என்பேன். துணியை மடித்துக்கொண்டு போய்விடுவாள். ஒவ்வொரு மாதமும் இதே இரண்டு வார்த்தை. அதனால்தான் இந்தத் தலை. அந்த வாத்தியார் தாடியோடு கிடந்தார், நானும் கிடக்கிறேன். எனக்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதியா? என்னை எவரும் சொல்ல முடியாது.

சும்மா கிடக்கவில்லை. அவளோடு வருகிற பிள்ளைகளிடம் வேலையை ஆரம்பித்தேன். ஜெனிபர் என்று ஒருத்தி, அதோ சிவப்புச் சுடிதார், வாயாடி.

"இன்றைக்கு உனக்கு விடுமுறை நாள், தெரியுமா?"

"தெரியாது தாத்தா. செவ்வாய்க்கிழமை இங்க வந்தா அக்கா பிரியாணி வாங்கித் தருவாங்க, அது தெரியும்."

"பிரியாணிக்கு உன் நாளை விற்கிறாயே!"

"சிக்கன் பிரியாணி தாத்தா."

நோட்டீஸ் எழுதி, கையாலேயே எழுதித்தான், ஆளுக்கொன்று கொடுத்தேன். வெட்டிய முடியை அதில் பொட்டலம் கட்டித் தென்னங்கன்றுக்குப் போட்டார்கள். மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். விடவில்லை. ஜெனிபருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. போன தடவை சீப்பைக் கழுவிக்கொண்டே, "தாத்தா, நிஜமாவே செவ்வாய்க்கிழமை வீட்டுல இருக்கலாம்னு சட்டமா?" என்று கேட்டாள். "சட்டம் அல்ல, உரிமை" என்றேன். "பாப்பா என்னைப் பார்த்துட்டு எங்க மாமியாகிட்ட ஓடுது தாத்தா" என்றாள். அதற்குப் பிறகு ஜோக்கடிக்கவில்லை. போய் மற்றவர்களிடம் ஏதோ பேசினாள். எனக்குத் தெரியும் தம்பி, அந்த மாதிரிப் பேச்சு எங்கே போய் முடியும் என்று. மேடை ஏறுவதற்கு முன்னால் எல்லாப் போராட்டமும் அந்தச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும்.

வரிசை முடிந்துவிட்டது. வார்டன் அம்மாகூட எழுந்துவிட்டார். வருகிறாள் பாருங்கள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். சரி, போங்கள், குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

*

உட்காருங்கள். மரியாதை தெரிந்தவர், ஒதுங்கி நின்றீர்கள். இருந்தாலும் பார்த்திருப்பீர்கள். என்ன சொன்னாள் தெரியுமா?

"அப்பா, ஜெயிச்சிட்டீங்க" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"புள்ளைங்க எல்லாம் சேர்ந்து வந்து கேட்டாங்கப்பா. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வேணும்க்கான்னாங்க. நியாயந்தானே? குடுத்துட்டேன். அடுத்த மாசத்துலேருந்து செவ்வாய் கடையும் கிடையாது, இதுவும் கிடையாது."

"வேறு நாளில்?" இது நான் கேட்டதில்லை. அதாவது, கேட்டேன். ஒரு தகவலுக்காகக் கேட்டேன்.

"மத்த நாள்ல கடையை விட்டுட்டு வர முடியாதுப்பா. வாடகை இருக்கு, பதினோரு பேருக்குச் சம்பளம் இருக்கு. இதுதான் கடைசி."

நாற்பது வருடம் கழித்து ஒரு முழு வெற்றி தம்பி. ஒரு கல் எறியவில்லை, ஒரு கோஷம் போடவில்லை. இடுப்பு ஒடிந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஜெயித்திருக்கிறேன். என்னை வாழ்த்தலாம். வாழ்த்துங்கள்.

அவள் போகவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "அப்பா, தலை?" என்றாள்.

எப்படிச் சரி என்பது? ஜெயித்து ஒரு நிமிடம் ஆகவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானே முதல் ஆளாக உடைத்தால் அது என்ன வெற்றி? "செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அப்போதுதான் சொன்னாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "லூர்து சாருக்கும் செவ்வாய்க்கிழமைதாம்ப்பா பண்ணேன். உங்க கத்தியிலதான். கை நடுங்கி, தாடையில ஒரு வெட்டு விழுந்துருச்சு. அவரு கண்ணைத் தொறந்து பாத்து, 'பரவால்ல, கண்ணாடி குடு பாப்பா'ன்னாரு. இப்ப நடுங்காதுப்பா."

எலி இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். ஊரிலிருந்த கடைப் பையன்களையெல்லாம் மிரட்டினேனே, என் வீட்டில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வரவில்லை. வர வேண்டும், வரவில்லை. நான் பாயிண்டைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சங்கத்துக்காரன் மூளை அப்படித்தான் போகும். இவள் உறுப்பினர் இல்லை. பெண்களைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் எழுதியது நான். உறுப்பினர் அல்லாதவரைச் சங்கத்தின் விதி கட்டுப்படுத்தாது. அப்படியென்றால் அன்றைக்கு இவள் வாத்தியாருக்குச் செய்தது விதிமீறல் இல்லை. இன்றைக்கு எனக்குச் செய்தாலும் விதிமீறல் இல்லை. எந்தச் செயற்குழுவிலும் நிற்கும் வாதம். ஒருவரும் மறுக்க முடியாது.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, 'நீ எங்கள் ஆள் இல்லை, அதனால் வெட்டு' என்று எப்படிச் சொல்வது? அதையும் அவள் 'சரிப்பா' என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் 'சரிப்பா'வை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால், "நல்லது, பேச்சு மாறக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடு" என்றேன். செயலாளராகப் பேசினேன்.

துணியை மடித்தாள். இதோ, எனக்கென்று கொண்டுவந்த இந்தப் பையில் போட்டாள். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கையில் கொடுக்கவில்லை, பாருங்கள். கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று தெரியும்.

எடுங்கள், உள்ளே என்ன? அரப்பு வேண்டாம். துணிக்கு அடியில். சீப்பு. அப்புறம்? காட்டுங்கள்.

என் கத்தரி. பித்தளைத் திருகு, இங்கே கட்டைவிரல் வளையத்தில் நூல் சுற்றியிருக்கிறதே, நான் சுற்றியது. கடையோடு விற்றுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். சாணை பிடித்து வைத்திருக்கிறாள். எண்ணெய்கூடப் போட்டிருக்கிறாள்.

தம்பி, உங்களுக்கு என்ன வேலை? பேங்கா? நல்லது. எந்த முடிதிருத்தும் சங்கத்திலும் உறுப்பினர் இல்லையே? இல்லை. அப்படியானால் உங்களை எந்த விதியும் கட்டுப்படுத்தாது. பயப்படாதீர்கள். பிடிக்கத் தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன். கட்டைவிரல் இந்த வளையத்தில், மோதிரவிரல் அதில். கட்டைவிரல் மட்டும்தான் அசைய வேண்டும். அடுத்த வாரம் அந்த வார்டுப் பையன் மெஷினோடு வருவான், இரண்டு பேர் கையைப் பிடிப்பார்கள். அதைவிட நீங்கள் கோணலாக வெட்டினாலும் பரவாயில்லை. நான் கையைக் கட்டிக்கொள்கிறேன்.

துணியைக் கழுத்தில் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். முடியைக் கீழே விடாதீர்கள், அட்டையில் போட்டிருக்கிறதே, தென்னங்கன்றுக்கு.

வண்டி கிளம்பிவிட்டதா? என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியாது, இடுப்பு. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் எல்லாம் ஏறியாயிற்றா? அப்புறம் ஏன் சத்தம் வரவில்லை?

நிற்கிறாளா. எங்கே, கேட்டுக்குப் பக்கத்திலா, இந்தப் பக்கமா? ஏப்ரனைக் கழற்றிவிட்டாளா?

இல்லை, கூப்பிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை. நிற்கட்டும், அவள் நாள், அவள் நிற்கிறாள். நீங்கள் வெட்டுங்கள். கை நடுங்குகிறது உங்களுக்கு. பரவாயில்லை, புதுக் கை அப்படித்தான். காதோரம் வரும்போது மட்டும் பார்த்து. இடது தாடைப் பக்கம் பார்த்து.